ஜே.ஆர். தலையில் டி கோலின் தொப்பி

இலங்கையில் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், தமிழ், முஸ்லிம் அரசியல் வட்டாரங்களிலிருந்து ஒரு மறுப்பும் கூடவே எழும். “அதில கை வைக்காதீங்க. முழு நாடும் ஒரே தொகுதியாக வாக்குப் போடுற அந்த ஒரு தேர்தலிலதான் எங்கட வாக்குக்கு விலை இருக்கு.” 2024இல் ஒழிப்பை வாக்குறுதியாகச் சொன்னவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் இந்தக் குரல் ஓயவில்லை. மேடையில் இதைச் சொல்பவர் தன் சொந்த அனுபவத்திலிருந்து பேசுவதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் ஒரு பேராசிரியரின் புத்தகத்தைத்தான் ஒப்புவிக்கிறார். பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன் 1980இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆசியாவில் கோலிச முறை’ என்ற பொருள் தரும் நூல்தான் இந்த வாதத்துக்குப் பட்டமளித்து வெளியே அனுப்பியது.

வில்சனின் தகுதியைப் பற்றி எனக்குச் சச்சரவு இல்லை. பேராதனையில் அரசியல் விஞ்ஞானத்தை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர். 1972இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போன பின்னும் இலங்கையை விட்டுக் கண்ணெடுக்காதவர். 1970ஆம் ஆண்டுத் தேர்தலைத் தனி நூலாக ஆராய்ந்தார். தந்தை செல்வாவின் மருமகனாக இருந்தும் மாமனாரைப் பற்றி வெறும் புகழ்மாலை கட்டாமல் ஆய்வு நூல் எழுதினார். 2000இல் மறையும்வரை, இலங்கைத் தமிழ்த் தேசியத்தின் வரலாற்றை உலகக் கல்வியுலகம் அவர் வழியாகவே பெரிதும் படித்தது. இதெல்லாம் சரி. அரசின் அதிகாரங்களைப் பிரித்துவைக்கும் வலுவேறாக்கத்தை அவர் படித்த விதம்தான் சரியில்லை. நகல் பிரதியொன்றில் அந்த நூலை முதன்முதலாக வாசித்த காலத்திலிருந்து எனக்கு இருக்கும் மனக்குறை இது. வயது ஏற ஏற அது குறையவில்லை.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். பிரான்சில் டி கோலின் 1958ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஜனாதிபதி வேறு, பிரதமர் வேறு. அமைச்சராகிறவர் நாடாளுமன்ற ஆசனத்தை விட்டுவிட வேண்டும். நாடாளுமன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போனால் ஜனாதிபதி அந்தக் கட்சிப் பிரதமரோடு குடித்தனம் நடத்தியாக வேண்டும். 1986இல் மித்தரோன் அப்படித்தான் நடத்தினார். ஜே.ஆர். ஜயவர்த்தனவின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூல வாசகத்தில் ஜனாதிபதியே அரசின் தலைவர், ஆட்சித்துறையின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி. அமைச்சரவைக்குத் தலைமை அவருடையது. வேண்டிய அமைச்சைத் தானே வைத்துக்கொள்ளலாம். அமைச்சர்களோ பாராளுமன்றத்துக்குள்ளேயே இருப்பார்கள். பதவியில் இருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடர முடியாது. அமெரிக்க ஜனாதிபதிக்கு உள்ள தேர்தல் பலம் உண்டு, ஆனால் அவரை மறிக்கும் காங்கிரஸ் இல்லை. பிரெஞ்சு ஜனாதிபதிக்கு உள்ள கலைப்பு அதிகாரம் உண்டு, ஆனால் அவரோடு மல்லுக்கட்டும் பிரதமர் இல்லை. இரண்டு வீட்டிலும் நல்ல பாத்திரங்களாகப் பார்த்து இரவல் வாங்கி வந்து, மூடிகளை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது போன்ற ஏற்பாடு. இதற்குக் கோலிசம் என்று பெயரிட்டது, ஜே.ஆர். தலையில் டி கோலின் தொப்பியை வைத்தது போல. தொப்பியைப் பார்த்தவர்கள் தலையைப் பார்க்கவில்லை.

பெயர்ப் பிழை என்று விட்டுவிடலாம்; பேராசிரியர்களுக்குப் பெயர் சூட்டும் ஆசை இயல்பு. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு படிப்பு முறை இருந்தது. வலுவேறாக்கம் என்பது உச்சியில் உள்ள பதவிகளுக்கிடையிலான உறவு. ஜனாதிபதி, பிரதமர், அமைச்சரவை, பாராளுமன்றம் என்ற நான்கு நாற்காலிகளை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும் என்பது அந்த முறை. அதிலிருந்துதான் அவருடைய மையமான நம்பிக்கை பிறந்தது. ஜனாதிபதியை முழு நாடும் தெரிவு செய்கிறது. வெல்ல ஐம்பது சதவீதத்துக்கு மேல் வேண்டும். சிங்கள வாக்கு இரண்டாகப் பிரியும் நாட்டில் சிறுபான்மையின் வாக்கைத் தேடாமல் எவரும் அங்கே போக முடியாது. ஆகவே ஜனாதிபதி இனவாதத்தின் கைதியாக இருக்க மாட்டார். அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஹொரோவிட்ஸும் இலங்கையின் விருப்பு வாக்கு முறையைக் காட்டி இதற்கு இணையான வாதத்தை உலக அரங்கில் வைத்தார். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

தமிழர்களின் ஆதரவை அள்ளிக்கொண்டு 1994 நவம்பரில் 62 சதவீதத்தோடு ஜனாதிபதியானவர் சந்திரிகா. அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, அவருடைய படைகள் யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமத்து மக்கள் மழையில் மூட்டை முடிச்சுகளோடு தென்மராட்சிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். போருக்கு இரு தரப்பிலும் காரணங்கள் உண்டு. அவற்றை இங்கே எடை போட வரவில்லை. தேர்தல் இரவில் முடிந்துவிடும் கணக்கை ஆறாண்டு ஆட்சிக்கான காப்புறுதியாக ஒருவர் எழுதித் தந்தார் என்பதுதான் என் முறைப்பாடு. 2019இல் அந்த முதல் இரவுக் கணக்கே பொய்த்தது. வடக்கும் கிழக்கும் திரண்டு மறுத்த கோட்டாபய ராஜபக்ச 52.25 சதவீதத்தோடு வென்றார். சிங்கள வாக்கு பிரியும் என்ற அனுமானம் அரசியலமைப்பில் எந்த உறுப்புரையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததை நம்பியும், எழுதப்பட்டதை வாசிக்காமலும் கட்டிய கோட்பாடு அது.

எழுதப்பட்டது என்ன? நான்காம் உறுப்புரையை எடுத்துக்கொள்வோம். மக்களின் இறைமை எப்படிப் பிரயோகிக்கப்படும் என்று சொல்லும் இடம் அது. சட்டமாக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு. ஆட்சித்துறை அதிகாரம் ஜனாதிபதிக்கு. மூன்றாவதாக நீதி அதிகாரம் வரும்போது வாசகம் சற்று வளைகிறது. அது நீதிமன்றங்களுக்கு என்று சொல்லப்படவில்லை. பாராளுமன்றம், நீதிமன்றங்கள் ஊடாக, அதைப் பிரயோகிக்கும் என்றிருக்கிறது. மூன்று பிள்ளைகளில் இருவருக்குக் காணியை எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாமவனுக்கு அண்ணன் வீட்டில் ஓர் அறை என்று உறுதி முடித்தது போல. அடுத்து 80ஆம் உறுப்புரைக்கு வாருங்கள்: சட்டமான பின் எந்தச் சட்டத்தையும் எந்த நீதிமன்றமும் செல்லாது என்று சொல்ல முடியாது. கேட்பதானால் மசோதாவாக இருக்கும்போதே கேட்க வேண்டும். அதற்கும் ஒரு வாரம்தான் தவணை. ‘அவசர மசோதா’ என்று அமைச்சரவை முத்திரை குத்திவிட்டால், உயர் நீதிமன்றம் இருபத்துநான்கு மணி நேரத்தில், ஜனாதிபதி மனமிரங்கினால் மூன்று நாளில், முடிவு சொல்ல வேண்டியிருந்தது. 163ஆம் உறுப்புரை இன்னும் நேரடியானது. புதிய அரசியலமைப்பு அமுலுக்கு வந்த 1978 செப்டம்பர் 7ஆம் திகதியோடு உயர் நீதிமன்றத்திலும் மேல் நீதிமன்றங்களிலும் இருந்த எல்லா நீதிபதிகளும் பதவி இழந்தார்கள். ஜனாதிபதி வேண்டியவர்களை மறுபடி நியமித்தார். வேண்டாதவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

வலுவேறாக்கத்தை ஆராயும் ஒருவர் விளக்கேற்றி உட்கார வேண்டிய இடம் இதுதான். நான்கு நாற்காலிகளின் அழகில் மயங்கியவருக்கு இது பின்கட்டுச் சமாச்சாரமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சிறுபான்மைக்கு வீடே பின்கட்டில்தான் இருக்கிறது.

இதை வில்சன் அறியாதவர் அல்லர் என்பதுதான் ஆத்திரமூட்டுகிறது. சோல்பரி அரசியலமைப்பின் சிறுபான்மைக் காப்புகளைப் பற்றி இளம் வயதிலேயே எழுதியவர் அவர். கோடீஸ்வரன் வழக்கு அவர் கண் முன்னால் நடந்தது. அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார்; அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி, ஒரு பறங்கிப் பெயர் கொண்டவர், தனிச் சிங்களச் சட்டமே சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்த்தார். உயர் நீதிமன்றம் வேறொரு நுட்பக் காரணம் காட்டி அதைத் தள்ளியது. இலண்டன் கோமறைக் கழகம் 1969இல் அந்தக் காரணத்தைத் தள்ளி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அதற்குள் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிந்தது, செனற் சபை ஒழிந்தது, 1972இல் 29ஆம் பிரிவும் ஒழிந்தது. வழக்கு அந்தரத்தில் நின்றது. ஆனால் எட்டு ஆண்டுகள் ஒரு முழு அரசு ஒரு எழுதுவினைஞரின் சம்பள உயர்வுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் எந்தப் பிரதமரையும் அறிந்திருக்கத் தேவைப்படவில்லை. தமிழர் வாக்குப் பலமும் தேவைப்படவில்லை. ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஓரிடம் எங்கோ இருந்தது, அது போதுமாயிருந்தது. சிறுபான்மைக்கு வலுவேறாக்கம் என்றால் அதுதான். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்த இடத்தைத் திரும்பத் தந்ததா என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

“1982இல் நடக்கப்போவதை 1980இல் எழுதியவர் எப்படி அறிவார்?” என்று அவருடைய மாணவர்கள் கேட்பதுண்டு. எதிர்காலம் தெரிந்திருக்கத் தேவையில்லை, உறுப்புரை தெரிந்திருந்தால் போதும். சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா 1979இல், தாம் இறந்த அதே ஆண்டில், அந்த அரசியலமைப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒரு சிறு நூல் எழுதினார். ஒரே மனிதர் கையில் இவ்வளவு குவிந்தால் நாடு எங்கே போகும் என்று எச்சரித்தார். அவரிடம் இருந்ததும் அதே அச்சுப் பிரதிதான். அவரும் வில்சனைப் போலவே இலண்டன் பொருளியல் கல்லூரியில் படித்தவர். என்ன வித்தியாசம் என்றால், என்.எம்முக்கு ஜே.ஆர். வீட்டு வாசல் திறந்திருக்கவில்லை.

வில்சனுக்குத் திறந்திருந்தது. 1978இலிருந்து 1983வரை ஜே.ஆருக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையில் தூது போனவர் அவர்தான். அரசியலமைப்பு விடயங்களில் ஜே.ஆருக்கு ஆலோசகராகவும் இருந்தார். அதிகாரப் பரவலாக்கம் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவில் அமர்ந்தார். அதன் விளைவாக 1980இல் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம் வந்தது. தூது போனது தவறு என்று சொல்ல மாட்டேன். தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கும் 140 ஆசன அரசாங்கத்துக்கும் நடுவில் யாராவது நடக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நீதவானும் தரகரும் ஒருவராக இருக்க முடியாது. அணுக்கம் கண்ணை மறைத்தது. ஜனாதிபதி நல்லெண்ணம் கொண்டவர், அவரைச் சுற்றியிருப்பவர்கள்தான் இடைஞ்சல் என்ற எண்ணம் வந்துவிட்டால், அதிகாரம் எவ்வளவுக்கு எவ்வளவு அவர் ஒருவர் கையில் சேர்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று தோன்றத்தான் செய்யும். வலுவேறாக்கத்தைப் படித்த அறிஞர் வலு ஒன்றுசேர்வதை வாழ்த்தும் நிலைக்கு இப்படித்தான் வந்தார். இத்தனைக்கும் மாமனார் 1957இல் ஒரு பிரதமரோடும் 1965இல் இன்னொரு பிரதமராகவிருந்தவரோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் தனி மனிதர்களின் வாக்கை நம்பியதால் என்னவாயின என்பதை வீட்டுக்குள்ளிருந்தே பார்த்தவர்.

நூல் வெளிவந்த அடுத்தடுத்த ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். 1981 ஜூன் 4இல் மாவட்ட சபைத் தேர்தல். வில்சன் வாதாடிப் பெற்ற அந்தத் தேர்தலுக்காக யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து குவிக்கப்பட்ட காவலர்கள் இருக்கும்போதே பொது நூலகம் எரிந்தது. 1982இல் ஆளுங்கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை ஜே.ஆர். எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். திகதியை அவர் போட்டுக்கொள்வார். அந்தக் கடிதங்களே இல்லாவிட்டாலும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் ஆசனத்தை இழப்பார் என்று அரசியலமைப்பு ஏற்கெனவே எழுதியிருந்தது. அதே நேரம் 1979ஆம் ஆண்டு இரண்டாம் திருத்தம் வேறொரு கதவைத் திறந்துவிட்டது: கட்சி மாறியவர் ஆசனத்தை இழப்பாரா என்பதை முதலாவது பாராளுமன்றத்தில் பெரும்பான்மையே தீர்மானிக்கலாம். ஆளுங்கட்சிக்கு வருபவருக்கு வாசல், போகிறவருக்குச் சுவர். அந்த வாசலால் முதலில் நுழைந்தவர் கூட்டணியின் மட்டக்களப்பு உறுப்பினர் இராஜதுரை. ஜனாதிபதி முறை சிறுபான்மைக்குக் கொடுத்த முதல் பரிசு, சிறுபான்மைக் கட்சியிலிருந்து ஆள் பிடிக்கும் வசதி.

பிறகு 1982இன் அந்த டிசம்பர் 22. பொதுத் தேர்தல் வேண்டுமா, இருக்கும் பாராளுமன்றமே இன்னும் ஆறு ஆண்டு தொடரட்டுமா என்று சர்வஜன வாக்கெடுப்பு. வாக்குச் சீட்டில் இரண்டு சின்னங்கள்: ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. நாடு 54.66 சதவீதத்தால் விளக்கை ஏற்றியது. வில்சன் சொன்ன அதே முறைதான்: முழு நாடும் ஒரே தொகுதி, ஒவ்வொரு வாக்கும் சமம். அந்தச் சமத்துவத்தில் ஒரு மாவட்டத்தின் மறுப்பு, சொட்டுத் தண்ணீராகக் கடலில் கலந்தது. 1977இல் பெற்ற ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை 1988 முடியும்வரை அப்படியே உயிரோடு இருந்தது. அதைக் கொண்டுதான் 1983 ஓகஸ்ட்டில், கறுப்பு ஜூலையின் சாம்பல் ஆறுமுன், ஆறாம் திருத்தம் நிறைவேறியது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றார்.

வில்சன் மனம் மாறினார். 1988இல் வந்த ‘இலங்கையின் உடைவு’ நூலில் தன் தூதுப் பயணங்களை மறைக்காமல் எழுதினார்; ஏமாற்றப்பட்டதையும் எழுதினார். அந்த நேர்மை சிறியதல்ல. ஆனால் என் வாசிப்பில் அந்நூலின் கோபம் பெரிதும் மனிதர்கள்மீது விழுகிறது. ஜே.ஆர். சொன்ன சொல் தவறினார், வழுக்கினார், காலம் கடத்தினார். எல்லாம் உண்மை. ஒரு மனிதர் சொல் தவறினால் ஒரு சமூகமே வீதிக்கு வரும்படி ஏற்பாடு செய்த முறையை எட்டு ஆண்டு முன் யார் பாராட்டினார் என்பதற்கு மட்டும் அங்கே சரியான விசாரணை இல்லை. தொப்பி கழன்ற பிறகு தலையைத் திட்டினார். தொப்பியை வைத்த கையைப் பார்க்கவில்லை.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் ஒரு பேராசிரியரின் தவறு அவரோடு போவதில்லை. அது மேடைப் பேச்சாகிறது, பிறகு கட்சித் தீர்மானமாகிறது. 2010இல் ஜனாதிபதி பதவிக்கால வரம்பை நீக்கிய பதினெட்டாம் திருத்தம் அவசர மசோதாவாக வந்தபோது முஸ்லிம் காங்கிரஸ் கையை உயர்த்தியது. 2020இல் அதிகாரத்தை மீண்டும் ஜனாதிபதியிடம் குவித்த இருபதாம் திருத்தத்துக்கும் சிறுபான்மைக் கட்சிகளில் தெரிவானவர்கள் சிலர் கை தூக்கினார்கள். பலம் பொருந்திய ஒருவரோடு நல்லுறவு வைத்திருந்தால் நம் காரியம் நடக்கும் என்ற அதே நம்பிக்கை.

இதற்கு மறுமொழி 2018இல் கிடைத்தது. 2015இல் வடக்கும் கிழக்கும் திரண்டு வாக்களித்து மைத்திரிபால சிறிசேனவை 51.28 சதவீதத்தோடு ஜனாதிபதியாக்கின. வில்சனின் கணக்கு எழுத்துக்கு எழுத்துப் பலித்த ஒரே தேர்தல் என்றுகூட அதைச் சொல்லலாம். அந்த ஜனாதிபதிதான் 2018 ஒக்ரோபர் 26ஆம் திகதி பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்சவை அந்த இடத்தில் அமர்த்தினார். நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். தமிழ் வாக்கால் வந்தவர் தமிழ் வாக்கை மறந்தார் என்று அழுதுகொண்டிருக்க அப்போது நேரம் இருக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் இரா. சம்பந்தன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நாலரை ஆண்டுக்கு முன் தன்னிச்சையாகக் கலைக்க முடியாது என்று பத்தொன்பதாம் திருத்தம் சொல்கிறது என்றார். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக, கலைப்புச் செல்லாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் சம்பந்தன் பெயரிலேயே இருக்கிறது.

வில்சனுக்கு நியாயம் செய்வதானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் திருத்தம் வந்ததும் 2015ஆம் ஆண்டு வாக்கால்தான். ஆகவே அந்த வாக்குக்கு விலை இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதில்தான் அவரோடு எனக்குச் சண்டை. அதைக் கொடுத்து 1994இல் ஒரு மனிதரை வாங்கினோம். 2015இல் ஒரு மனிதரையும் கூடவே ஒரு கடிவாளத்தையும் வாங்கினோம். மூன்று ஆண்டுகளில் மனிதர் கைவிட்டார்; கடிவாளம் பிடித்தது. அமிர்தலிங்கம் இருந்த அதே எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் இருந்தவர்தான் சம்பந்தனும். முன்னவருக்கு ஜனாதிபதியிடம் போய்வர ஒரு பேராசிரியர் தேவைப்பட்டார். பின்னவர் ஒரு மனுவோடு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனார்.